கொள்கையைச் சொல்லலும் தன்னைச் சொல்லலும்

நால்வர் கூடியிருக்கும் ஓரிடத்திலே ஒருவர் தம்முடைய அரசியற் கொள்கையை வெளியிடுகின்றார். இருவர் மறுக்கின்றனர், ஒருவர் ஆமோதிக்கின்றார், குரல்கள் உயர்கின்றன, பின்னர் தேநீர் வருகின்றது. மறுநாளும் அந்நால்வரும் கூடுவர். அதே இடத்தில் வேறொருவர், ஆடவராகிய தாம் ஆடவரையே நேசிக்கும் இயல்புடையவர் என்று கூறுவாராயின், அங்கே வாதம் எழுவதில்லை, மௌனமே எழுகின்றது. மறுநாட் கூட்டத்துக்கு அவருக்கு அழைப்பு வருமோ என்பதும் ஐயமே. இரண்டும் வாயினாற் கூறப்பட்ட செய்திகள். இரண்டினாலும் கேட்டவர்க்கு யாதொரு நட்டமும் இல்லை. அவ்வாறிருக்க, ஒன்றை வாதத்துக்குரிய பொருளாகவும் மற்றொன்றை மானக்கேடாகவும் சமுதாயம் கொள்வது எதனால்?

இவ்வினாவை ஆராய்வதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அண்மைக்கால வரலாறு ஏற்ற களமாகும். ஏனெனில், அந்நாட்டில் இரண்டாம் உலகப் போருக்குப் பிற்பட்ட சில ஆண்டுகளில், அரசியற் கொள்கையை வெளியிடுவதுங்கூடப் பேராபத்தாயிருந்தது. ஆகவே இரு ஆபத்துகளையும் ஒரே தராசிலிட்டு நிறுத்துப் பார்க்க அங்கே வாய்ப்புண்டு.

1948 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3 ஆந் திகதி, 'டைம்' சஞ்சிகையின் ஆசிரியர்களுள் ஒருவரான விற்றேக்கர் சேம்பர்ஸ் என்பவர் பிரதிநிதிகள் சபையின் விசாரணைக் குழு முன்னிலையில் தோன்றினார். தாம் முன்னர் கம்யூனிஸ்ட் கட்சியின் மறைமுக அமைப்பிற் பணியாற்றியவர் என்று கூறி, இராஜாங்கத் திணைக்களத்தில் உயர்பதவி வகித்த அல்ஜர் ஹிஸ் என்பவரையும் அதில் உடன்படுத்திச் சாட்சியம் அளித்தார். பின்னர், அந்நிய நாட்டுக்காக உளவு பார்த்ததில் தமக்கிருந்த பங்கினையும் ஒப்புக்கொண்டார். இதைவிடப் பாரதூரமான அரசியற் குற்றம் அந்நாளில் வேறில்லை. ஆயினும் அவர் அதை நாடறியச் சொன்னார். 1952 இல் அவ்வரலாற்றை எழுதிப் பெருநூலாக வெளியிட்டார். அந்நூல் மிகுதியாக விற்பனையாயிற்று. ஆனால் அதே மனிதர், 1949 பெப்ரவரியில், தமக்கு ஆடவரோடு உறவிருந்த காலமும் உண்டென்பதைச் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்துக்கு மட்டும் இரகசியமாகத் தெரிவித்தார். எதிர்த்தரப்பார் வழக்கு மன்றத்தில் அதனை எடுத்துவிடுவரோ என்ற அச்சமே அதற்குக் காரணம். அவ்வாக்குமூலம் அவர் இறந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரே வெளியாயிற்று. உளவு பார்த்ததை உலகறியச் சொல்லத் துணிந்த ஒருவர் தம் அன்பின் இயல்பைச் சொல்லத் துணியவில்லை. தராசின் எத்தட்டுத் தாழ்ந்திருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அரசாங்கமும் அவ்வாறே இவ்விரண்டையும் வேறுவேறாக நடத்தியது. 1950 பெப்ரவரியில் செனற் சபை உறுப்பினர் ஜோசப் மக்கார்தி, இராஜாங்கத் திணைக்களத்திற் கம்யூனிஸ்டுகள் மலிந்துள்ளனர் என்று முழங்கினார். அம்மாத இறுதியில் அத்திணைக்களத்தின் உயர் உத்தியோகத்தர் ஒருவர், பாதுகாப்புக்கு ஊறானவர்களெனத் தொண்ணூற்றொருவர் விலக்கப்பட்டனர் என்றும், அவர்கள் தன்பால் ஈர்ப்புடையோர் என்றும் செனற் குழுவொன்றிற் கூறினார். பேச்சு முழுவதும் கம்யூனிஸத்தைப் பற்றியது. விலக்கப்பட்ட அத்தொண்ணூற்றொருவரோ வேறொரு காரணத்துக்காக விலக்கப்பட்டவர்கள். 1953 ஏப்ரில் 27 இல் ஜனாதிபதி ஐசனோவர் ஒப்பமிட்ட 10450 ஆம் இலக்கக் கட்டளை, இவ்வியல்பினரைச் சமஷ்டி அரசாங்க உத்தியோகத்தினின்றும் நீக்குவதற்கு முறையான ஆதாரமாயிற்று.

இதற்குக் கூறப்பட்ட நியாயம் நோக்கத்தக்கது. இத்தகையோர் தம் இரகசியம் வெளிப்படுமென்று அஞ்சுவர். அந்நிய ஒற்றர் அவ்வச்சத்தைப் பயன்படுத்தி அவர்களை மிரட்டி அரசாங்க இரகசியங்களைப் பறிப்பர் என்பதே அது. 1950 டிசம்பரில் வெளியான செனற் குழுவின் அறிக்கை இதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டியது ஒரேயொரு வரலாற்றை. அதுவும் முதலாம் உலகப் போருக்கு முற்பட்ட ஒஸ்திரியப் படையதிகாரி ரெட்ல் என்பவருடையது. அமெரிக்கர் ஒருவரைக்கூட அவர்களாற் காட்ட முடியவில்லை. மேலும், இரகசியத்தை உண்டாக்கியது யார்? வெளிப்பட்டால் வேலை போகும் என்று விதித்தவர்களே, வெளிப்படுத்த அஞ்சுகிறான், ஆதலால் நம்பத்தகாதவன் என்றும் தீர்ப்பளித்தனர். கதவைப் பூட்டியவனே உள்ளிருப்பவனை ஒளிந்திருக்கிறாய் என்று வைதாற்போன்றது இது.

இந்நியாயத்தின் பொருந்தாமையை வெளிப்படையாக எடுத்துக் கூறியவருள் முதன்மையானவர் பிராங்க் கமெனி. ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற வானியல் அறிஞராகிய அவர், 1957 இல் இராணுவ நிலப்படப் பிரிவிலிருந்து நீக்கப்பட்டார். மேன்முறையீட்டை 1961 இல் உயர்நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க மறுத்தது. எல்லோருமறியத் தம் இயல்பைக் கூறிக்கொண்டவரை எவரால், எதைச் சொல்லி மிரட்டமுடியும்? பகிரங்கமே பாதுகாப்பு என்னும் இவ்வாதத்தை அரசாங்கம் ஏற்கப் பல்லாண்டு சென்றது. அரசாங்க உத்தியோகத் தடையைச் சிவில் சேவை ஆணைக்குழு 1975 இலேயே நீக்கியது. கமெனியிடம் முறைப்படி மன்னிப்புக் கோரப்பட்டது 2009 இல்.

இனி, இரு தட்டுகளையும் ஒரே வாழ்விற் சுமந்த மற்றொருவரை நோக்குவோம். பேயார்ட் ரஸ்டின் என்பவர் 1912 மார்ச் 17 இல் பென்சில்வேனியா மாநிலத்து வெஸ்ற் செஸ்ரர் நகரிற் பிறந்த கறுப்பினத்தவர். அவரை வளர்த்த பாட்டியார் குவேக்கர் சமயப் பிரிவின் அகிம்சை நெறியிற் பயின்றவர். நியூயோர்க்கிற் கல்லூரி மாணவனாயிருந்த காலத்தில் ரஸ்டின் கம்யூனிஸ்ட் வாலிபர் கழகத்திற் சேர்ந்தார். 1941 இல் ஜேர்மனி சோவியத் நாட்டைத் தாக்கியதும், நிறவேற்றுமை எதிர்ப்பை ஒதுக்கிவைத்துப் போருக்கு ஆதரவு தேடுக என்று கட்சி பணித்தது. அவர் விலகினார். அதன்பின் நல்லிணக்கத் தோழமைக் கழகம் என்ற சமாதான இயக்கத்திற் பணியாற்றினார்.

அவர் மும்முறை முக்கியமான சிறைவாசம் அனுபவித்தார். அம்மூன்றையும் தோழர்கள் எவ்வாறு கருதினர் என்பதிலேதான் நாம் தேடும் விடை மறைந்திருக்கின்றது.

முதலாவது, இராணுவ சேவைக்கு மறுத்தமைக்காக. மூன்றாண்டுத் தண்டனை பெற்று 1944 முதல் 1946 வரை சிறையிலிருந்தார். நாடு முழுவதும் போருக்கு எழுந்து நின்ற காலத்தில், போர் செய்யேன் என்று சொல்வதைவிட வெறுக்கப்பட்ட அரசியற் கொள்கை யாதிருக்க முடியும்? எனினும் அவருடைய இயக்கத்தார் அதனைப் பெருமையாகவே கொண்டனர். விடுதலையானதும் வரவேற்றுப் பணியில் அமர்த்தினர்.

இரண்டாவது, நிறவேற்றுமையை எதிர்த்தமைக்காக. மாநிலங்களுக்கிடையே ஓடும் பஸ் வண்டிகளில் ஆசனங்களை நிறத்தின்படி பிரித்தல் செல்லாதென உயர்நீதிமன்றம் 1946 இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நடைமுறையில் உள்ளதோவென அறிய, 1947 ஏப்ரிலில் வெள்ளையர் எண்மரும் கறுப்பினத்தவர் எண்மரும் இரு வாரம் தென் மாநிலங்களிற் பயணஞ்செய்தனர். வட கரோலினாவின் சப்பல் ஹில்லில் ரஸ்டின் கைது செய்யப்பட்டார். வழக்கு முடிந்தபின் 1949 இல் இருபத்திரண்டு நாள் கைதிகளோடு வீதி வேலை செய்தார். இதற்கிடையே, 1948 இன் இறுதியில், காந்தியடிகளின் வழிமுறையை அவருடைய தொண்டர்களிடமே நேரிற் கற்பதற்காக இந்தியாவுக்கும் சென்று வந்தார். தம் சிறை அனுபவத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் நியூயோர்க் பத்திரிகையில் வெளிவந்தன. வட கரோலினாவின் கைதி வேலைமுறை குறித்த கண்டனமும் சீர்திருத்தமும் அவற்றைத் தொடர்ந்தன. இரண்டாம் சிறை அவருக்குப் புகழே தந்தது.

மூன்றாவது, 1953 ஜனவரியில். கலிபோர்னியாவின் பசடீனா நகரில் ஒரு பெண்கள் சங்கத்தாரின் கூட்டத்திற் சொற்பொழிவாற்றிய இரவில், நிறுத்தியிருந்த மோட்டார் வண்டியில் ஆடவர் இருவரோடு இருக்கையிற் பொலிஸார் அவரைக் கைது செய்தனர். எவரையும் வற்புறுத்தியதாகவோ எவருக்கும் தீங்கிழைத்ததாகவோ குற்றச்சாட்டில்லை. இசைவுள்ள வளர்ந்தோர் தனிமையில் ஒழுகுவதையும் குற்றமாக்கிய சட்டம் அம்மாநிலத்தில் அந்நாளில் இருந்தது. 1975 இல் மாற்றப்பட்டது. அத்தகைய சட்டங்களின் வேர் பழைய ஆங்கிலச் சட்டத்திலுள்ளது. 1883 இல் இலங்கைக்குத் தரப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 365 ஆம் பிரிவும் அவ்வேரினின்று முளைத்ததே. அதனை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என்று நமது உயர்நீதிமன்றம் 2023 மே மாதத்திற் கருத்துரைத்தமை நேயர்கள் சிலர் அறிந்ததாயிருக்கலாம்.

பசடீனா நீதிமன்றம் அறுபது நாட் தண்டனை விதித்தது. முன்னிரு சிறைகளின் வாயிலிலும் அவரை எதிர்கொண்டழைத்த தோழமைக் கழகம் இம்முறை அவரது இராஜிநாமாவைப் பெற்றுக்கொண்டது. கழகத்தின் தலைவர் ஏ. ஜே. மஸ்டி அவருக்குத் தந்தையை நிகர்த்தவர். போரை எதிர்த்து நின்ற உறுதியுள்ளவர். அரசாங்கத்துக்கோ பொதுமக்களின் தூற்றுதலுக்கோ அஞ்சாதவர். அவரே இதற்கு அஞ்சினார். இதனை ஒரு தனிமனிதரின் குறையென்று கொள்ளலாகாது. நல்லவர்களும் துணிந்தவர்களும் எவ்விடத்தில் நின்றுவிடுகின்றனர் என்பதே இங்கு அறியத்தக்கது. 1955 இல் குவேக்கர் சபையார் வெளியிட்ட புகழ்பெற்ற சமாதானப் பிரசுரம் ஒன்றின் ஆக்கியோருள் ரஸ்டினும் ஒருவர். தம் பெயரினால் நூலுக்கு இழுக்கு வருமென்று கருதி, பெயரை நீக்குமாறு அவரே கேட்டுக்கொண்டார். பிறர் தள்ளுவதற்கு முன் தானே ஒதுங்கிக்கொள்ளுதல் இவ்வகைப் புறக்கணிப்பு மனிதனுக்குக் கற்பிக்கும் பாடமாகும்.

1956 இல் மொன்ற்கோமரி நகரத்துப் பஸ் பகிஷ்காரத்தின்போது இளம் போதகரான மார்ட்டின் லூதர் கிங்குக்குக் காந்திய முறையின் நுட்பங்களை எடுத்துரைத்தோருள் ரஸ்டின் ஒருவர். அங்கும் அவர் வருகை வெளியே தெரிந்தால் இயக்கத்துக்குத் தீங்கென்று கூறி அவரை நகரைவிட்டு அனுப்பினர். 1960 இல் நிகழ்ந்தது இன்னும் வேதனை தருவது. ஜனநாயகக் கட்சி மாநாட்டின்முன் கிங் ஆர்ப்பாட்டம் நடத்துவதை விரும்பாத கட்சி உறுப்பினர் அடம் கிளேற்றன் பவல், கிங்கும் ரஸ்டினும் தகாத உறவுடையோர் என்ற பொய்யைப் பரப்பப் போவதாக மிரட்டினார். பவலும் கறுப்பினத் தலைவரே. ரஸ்டின் பதவி விலகினார், கிங் தடுக்கவில்லை. இதனால் இளைஞரிடையே கிங் தம் மதிப்பிற் பெரும்பகுதியை இழந்தார் என்று எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வின் 1961 இல் எழுதினார். ரஸ்டினுடைய பழைய கம்யூனிஸ்ட் தொடர்பு 1960 இலும் யாவரும் அறிந்ததே. ஆயினும் மிரட்டலுக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட ஆயுதம் அதுவன்று. மிரட்டுவோன் கூரிய கத்தியையே எடுப்பான்.

1963 இல் வாஷிங்டன் பேரணி ஆயத்தமாயிற்று. நிறவேற்றுமை எதிர்ப்பு அமைப்புகளுள் மிகப் பெரியதன் தலைவரான ரோய் வில்கின்ஸ், ரஸ்டினைத் தலைமையமைப்பாளராக்க ஒருப்படவில்லை. அவர் கூறிய தடைகள் மூன்று: போருக்குச் செல்லாதவர், கம்யூனிஸ்டாயிருந்தவர், தன்பால் ஈர்ப்புடையவர். முதிய தொழிற்சங்கத் தலைவரான ஏ. பிலிப் ரண்டோல்ப் ஓர் உபாயஞ் செய்தார். தலைமைப் பதவியைத் தாம் ஏற்று, ரஸ்டினைத் துணைவராக நியமித்தார். வேலை முழுவதையும் ரஸ்டினே செய்தார். இரண்டு மாதத்துக்குட்பட்ட காலம், கணினியில்லை, ஹார்லம் பகுதியில் ஒரு பழைய கட்டிடம், தொலைபேசிகள் சில. எத்தனை பஸ்கள் வரும், குடிநீர்க் குழாய்கள் எத்தனை வேண்டும், மலசலகூடங்கள் எவ்விடத்தில், ஆகஸ்ட் மாத வெயிலிற் கெட்டுப்போகாத சிற்றுண்டி எது என்பனவெல்லாம் அவருடைய தாள்களில் இருந்தன. ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டியை நடத்தியோரும் இதன் சிரமத்தை ஓரளவு உணர்வர்.

ஆகஸ்ட் 13 இல், நிறவேற்றுமையை ஆதரித்த செனற் உறுப்பினர் ஸ்ட்ரோம் தர்மண்ட் எழுந்து, பசடீனா வழக்கின் விபரத்தை நாடாளுமன்றப் பதிவேட்டிற் சேர்த்தார். அவர் எதிர்பார்த்ததற்கு மாறாகக் காரியம் நிகழ்ந்தது. ரஸ்டினைத் தயக்கத்தோடு ஏற்றிருந்த தலைவர்கள், தங்கள் பகைவனாலேயே அவர் தாக்கப்பட்டதைக் கண்டு அவர் பக்கம் நின்றனர். அவருடைய நேர்மையிலும் ஆற்றலிலும் தமக்கு முழு நம்பிக்கையுண்டென்று ரண்டோல்ப் பகிரங்க அறிக்கை விடுத்தார். ஆகஸ்ட் 28 இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் கூடி அமைதியாகக் கலைந்தனர். அடுத்த வாரம் 'லைஃப்' சஞ்சிகையின் முகப்பில் ரண்டோல்பும் ரஸ்டினும் நின்றனர். இயக்கத்தார் அவரைக் காத்தனர் என்பது உண்மை. ஆனால் அவருடைய இயல்பை எவரும் நியாயப்படுத்திப் பேசவில்லை என்பதும் உண்மை. கொள்கைக்கு வாதாட நாவுகள் இருந்தன. மற்றதற்கு இரக்கமும் மௌனமுமே இருந்தன.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது? கொள்கை என்பது ஒருவர் ஏற்றுக்கொண்டது. ஆகவே விடவும் கூடியது என்று உலகம் எண்ணுகின்றது. சேம்பர்ஸ் தம் பழைய கட்சியைக் கைவிட்டேன் என்றார். உலகம் அவருக்கு ஒரு வாயிலைத் திறந்தது. இயல்பைக் கைவிட்டேன் என்று உண்மையாய்ச் சொல்ல ஒருவராலும் இயலாது. ஆதலால் மன்னித்து ஏற்பதற்கு வழக்கமாயுள்ள சடங்கு இங்கே பயன்படுவதில்லை. கொள்கைக்குக் கட்சியுண்டு, கூட்டமுண்டு, தோற்றவருக்கும் தோழருண்டு. நிறத்தாற் புறக்கணிக்கப்பட்ட பிள்ளைக்குக்கூட வீட்டிலே அதே நிறத்துப் பெற்றோர் உண்டு. வெளியே அடிபட்டு வந்தால் உள்ளே ஆறுதல் கிடைக்கும். இவ்வியல்புடைய பிள்ளையோ பெரும்பாலும் தன் வீட்டிலேயே தனியன். முதலில் யாருக்கு அஞ்சுகிறான் எனின், தாய்தந்தையர்க்கே.

மௌனத்தின் விலையும் ஒன்றன்று. தம் வாக்கு யாருக்கென்பதை மறைப்பவர் ஐந்தாண்டுக்கொருமுறை மறைத்தாற் போதும். உடனுறையும் துணையை மறைப்பவரோ விடுமுறையை எங்கு கழித்தீர், வீட்டில் யாருக்குச் சுகமில்லை, ஏன் மணஞ்செய்யவில்லை என்ற எளிய வினாக்களுக்கெல்லாம் நாடோறும் பொய்புனைய வேண்டும். பொய்யராயிருப்பது அவர் குணத்தினாலன்று.

கொள்கையும் இயல்பும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட நிகழ்ச்சிகளும் உண்டு. 1978 இற் கலிபோர்னியா மக்களின் வாக்குக்கு விடப்பட்ட ஆறாம் இலக்கப் பிரேரணை, தன்பால் ஈர்ப்புடைய ஆசிரியர்களை அரசாங்கப் பாடசாலைகளிலிருந்து நீக்க வகைசெய்தது. அதுமட்டுமன்று; அவர்களை ஆதரித்துப் பகிரங்கமாகப் பேசும் எந்த ஆசிரியருக்கும் அது ஆபத்தாயிருந்தது. பாடசாலையை அறிந்தவர்கள் இதன் கொடுமையை உணர்வர். மாணவனொருவன் பழி சுமத்தினால் ஆசிரியர் தம் நிரபராதத்தை எவ்வாறு காட்டுவது? பழைமைவாதியான ரோனால்ட் ரீகனும் இக்காரணம் பற்றியே அதனை எதிர்த்தார். சான் பிரான்சிஸ்கோ நகர சபையினரான ஹாவி மில்க், இவ்வியல்புடையோர் தத்தம் வீட்டாருக்கும் அயலாருக்கும் தம்மை வெளிப்படுத்தும்படி வேண்டினார். தாம் அறிந்த ஒருவரை மக்கள் எளிதில் வெறுக்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. நவம்பர் 7 இல் நூற்றுக்கு ஐம்பத்தெட்டுப் பேரளவில் எதிர்த்து வாக்களிக்க, பிரேரணை தோற்றது. இருபது நாளிற்குள் மில்க் சுட்டுக்கொல்லப்பட்டார்.

மறு ஆண்டு, 1979 இல், அம்மாநில உயர்நீதிமன்றம் ஒரு தொலைபேசி நிறுவனத்தைப் பற்றிய வழக்கில் வியக்கத்தக்க தீர்ப்பொன்றை வழங்கியது. தொழிலாளரின் அரசியல் நடவடிக்கையில் முதலாளிகள் தலையிடலாகாது என்பது அங்குள்ள பழைய தொழிற்சட்டம். தன் இயல்பைப் பகிரங்கமாகக் கூறித் தன்போன்றோருக்குச் சமவுரிமை கோருதலும் அரசியல் நடவடிக்கையே என்று நீதிபதிகள் கண்டனர். தன்னைச் சொல்லுதலுக்கு அன்று கொள்கையைச் சொல்லுதலின் நிழலே புகலிடமாயிற்று.

இன்று நிலை பெரிதும் மாறியுள்ளது. ஒரே பாலார் மணத்தை ஆதரித்தோர் 1996 இல் நூற்றுக்கு இருபத்தேழு பேர் என்றும், 2023 இல் எழுபத்தொருவர் என்றும் கலப் நிறுவனத்தின் கணிப்புக் கூறும். 2020 இல், இவ்வியல்புக்காக ஒருவரை வேலைநீக்கஞ் செய்வது சமஷ்டிச் சட்டத்துக்கு விரோதமென உயர்நீதிமன்றம் தீர்த்தது. தனியார் தொழிலிலுள்ளவரின் அரசியற் கொள்கைக்கோ அத்தகைய சமஷ்டிப் பாதுகாப்பில்லை. சில மாநிலங்களிலேயே உண்டு. மறுபுறம், தம் பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் மணஞ்செய்வதை விரும்பாதோர் 1960 இல் நூற்றுக்கு ஐவரளவினரே. 2010 இல் நிகழ்ந்த கணிப்பிற் குடியரசுக் கட்சியினருள் ஏறத்தாழப் பாதிப்பேரும் ஜனநாயகக் கட்சியினருள் மூன்றிலொரு பங்கினரும் வருந்துவோம் என்றனர். ஆகவே, இந்நாளிற் சில அமெரிக்க நகரங்களில் மகன் தன் துணைவனை விருந்துக்கு அழைத்துவருவது எளிது, எதிர்க்கட்சிக்கு வாக்களித்தேன் என்று சொல்வது அரிது என்று கூறுவோர் உளர். அதிற் சிறிது உண்மையும் உண்டு. ஆனால் முன்னதற்கும் பின்னதற்கும் இழப்பு ஒத்ததென்று கொள்ளுதல் தவறு. மாறுபட்ட கட்சியினர்க்கு விருந்து போகலாம். இவ்வியல்பைச் சொன்ன இளைஞர் பலருக்கு இன்றும் வீடே போகின்றது.

ரஸ்டின் தம் முதிய வயதிலேதான் இவற்றைப் பற்றி வெளிப்படையாகப் பேசலானார். 1986 இல் நியூயோர்க் நகரசபை முன்னிலையில், தன்பால் ஈர்ப்புடையோரின் உரிமைச் சட்டத்துக்காகச் சாட்சியம் அளித்தார். வோல்ற்றர் நேகிள் என்பவர் 1977 முதல் அவருடைய வாழ்க்கைத் துணைவர். அவ்விருவரும் மணஞ்செய்யச் சட்டம் இடந்தராமையால், உரிமைகளுக்குப் பாதுகாப்பாக, 1982 இல் ரஸ்டின் அவரைத் தத்துப் புத்திரராக ஏற்றுப் பதிவு செய்தார். 1987 ஆகஸ்ட் 24 இல் ரஸ்டின் காலமானார்.

ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் 1984 இல் காலஞ்சென்ற சேம்பர்ஸுக்கு வழங்கப்பட்டது. அவருடைய அரசியல் மனமாற்றமே அன்று போற்றப்பட்டது. அதே பதக்கம் 2013 நவம்பரில் ரஸ்டினுக்கு வழங்கப்பட்டபோது வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ஒபாமாவிடமிருந்து அதனைப் பெற்றவர் நேகிள். பசடீனாத் தண்டனைக்குக் கலிபோர்னியா ஆளுநர் 2020 பெப்ரவரியில் மன்னிப்பளித்தார். 1947 இல் சப்பல் ஹில்லிற் பஸ் ஆசனத்தில் அமர்ந்தமைக்கான தண்டனையை வட கரோலினா நீதிமன்றம் 2022 ஜூனில் நீக்கியது.